தொலைநகலும் ஒரு ஸ்கேன்தான்

2018 நவம்பர் 21 அன்று, ஜம்மு காஷ்மீரில் ஆட்சியமைக்க உரிமை கோரிய கடிதம் ஒன்று ஆளுநர் மாளிகையின் தொலைநகல் இயந்திரத்தைச் சென்றடையவில்லை. மெஹ்பூபா முஃப்தி அதை ட்விட்டரில் வெளியிட்டார், நாடே படித்தது. அன்றிரவே சட்டப்பேரவை கலைக்கப்பட்டது. மிலாடி நபி விடுமுறையாதலால் இயந்திரத்தருகே ஆள் இல்லை என்று ஆளுநர் சத்யபால் மாலிக் பின்னர் விளக்கினார். கடிதம் வந்திருந்தாலும் முடிவு மாறியிராது என்றும் கூறினார். அம்முடிவு சரியா என்பது வேறு விவாதம். 87 பேர் கொண்ட அவையில் 56 பேரின் ஆதரவு தமக்குண்டு என்ற கடிதம் வந்ததா இல்லையா என்னும் வழக்கை ஓர் இயந்திரத்தின் தலையில் கட்ட முடிந்தது எப்படி என்பதே இங்கு கேள்வி.

தொலைநகல் இயந்திரம் தாளை வரிவரியாக ஒளியால் வருடி, கிடைத்த படத்தைத் தொலைபேசிக் கம்பி வழியே ஒலிக்குறிகளாக அனுப்புகிறது; மறுமுனையில் அது மீண்டும் படமாகிறது. ஆகவே தொலைநகல் என்பதும் ஒரு ஸ்கேன்தான். அதிலும் தெளிவு குறைந்த ஸ்கேன். நமது சொல்லே அதை ஒளிக்கவில்லை: தொலைவிலிருந்து வரும் நகல். ஆயினும் நம் அலுவலகங்கள் பல, மங்கிய தொலைநகலை 'ஆவணம்' என்று கோப்பில் சேர்க்கின்றன. தெளிவான ஸ்கேனை 'வெறும் மின்னஞ்சல்' என்று ஒதுக்குகின்றன.

இப்பாகுபாட்டுக்குச் சட்டத்தில் ஆதாரம் தேடுவோர் ஏமாறுவர். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், மின்னணு வடிவில் அனுப்பப்பட்ட, பெறப்பட்ட, சேமிக்கப்பட்ட படத்தையும் மின்னணுப் பதிவு என்றே வரையறுக்கிறது. எழுத்து வடிவம் தேவைப்படும் இடத்தில், பின்னர் எடுத்துப் பார்க்கத்தக்க மின்னணுப் பதிவு போதும் என்கிறது அதன் 4ஆம் பிரிவு. உயில் போன்ற சில ஆவணங்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் உயிலை ஸ்கேன் செய்து அனுப்பக் கூடாதென்றால், தொலைநகலில் அனுப்பவும் கூடாது.

ஸ்கேனில் கையொப்பத்தை வெட்டி ஒட்டலாமே என்பார்கள். ஒட்டலாம். ஒட்டிய தாளை அச்சிட்டுத் தொலைநகலிலும் அனுப்பலாம். இயந்திரம் அதைக் கண்டுபிடிக்காது. தாளின் தலைப்பில் அச்சாகும் எண்ணும் நேரமும்கூட அனுப்புவோர் தம் இயந்திரத்தில் பதித்துவைத்தவையே. கையொப்பத்தின் படம், எவ்வழியே வந்தாலும், சட்டம் கூறும் மின்னணுக் கையொப்பம் ஆகாது. நம்பகத்தன்மைதான் கவலை என்றால், அதற்குரிய கருவிகள் வேறு: எண்ம ஒப்பம், மின்னணுச் சான்றுக்கான சான்றிதழ், ஹாஷ் மதிப்பு. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63ஆம் பிரிவுக்குரிய சான்றிதழ்ப் படிவம் ஹாஷ் மதிப்பைக் கேட்கிறது. தொலைநகலா ஸ்கேனா என்னும் கேள்வி இவற்றுள் எதையும் தொடுவதில்லை.

இது எழுத்தர் மேசைச் சில்லறைச் சச்சரவு என்று எண்ண வேண்டா. 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இடைக்காலப் பிணை அளித்த பின்னரும், ஆக்ரா மத்தியச் சிறையில் 13 பேர் சில நாட்கள் அடைபட்டிருந்தனர். சான்றிட்ட நகல் அஞ்சலில் வரவில்லை என்பது காரணம். ஆணை நீதிமன்றத்தின் இணையத்தளத்திலேயே கிடந்தது. இன்னுமா வானத்தில் புறாவை எதிர்பார்ப்பது என்று தலைமை நீதிபதி என்.வி. ரமணா வருந்தினார். 2022 மார்ச் 31இல் தொடங்கப்பட்ட ஃபாஸ்டர் முறை, எண்ம ஒப்பமிட்ட ஆணைகளைச் சிறைகளுக்கு மின்வழியே சேர்க்கிறது. வழி என்றும் இருந்தது. மனம்தான் தாளில் ஒட்டிக்கொண்டிருந்தது.

விண்ணப்பத்தை ஸ்கேன் செய்து ஏற்றச் சொல்லிவிட்டு, அதே தாளை அஞ்சலிலும் கேட்டு, தாமதமானால் மாணவரை நிராகரிக்கும் பல்கலைக்கழகமும் இம்மனத்தின் வாரிசே. அவ்வாறு கேட்கும் அலுவலகம், எந்த விதியின் எந்தப் பிரிவின்படி என்பதை எழுத்தில் தரக் கடமைப்பட்டது. தர இயலாவிடில், அது காப்பது சட்டத்தை அன்று, தன் வழக்கத்தை.