பாதிக்கப்பட்டவர் ஏன் மனு எழுத வேண்டும்?

மோதிவிட்டு நிற்காமல் ஓடிப்போன வாகனங்களால் 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் நேர்ந்த விபத்துகள் 67,387. அப்படி அடையாளம் தெரியாத வாகனம் மோதி ஒருவர் இறந்தால் அவருடைய குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய், பலத்த காயம் என்றால் 50 ஆயிரம் ரூபாய் வழங்கும் மத்திய அரசின் திட்டம் அதே ஆண்டு ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. 2022-23 நிதியாண்டில் அந்தப் பணம் கேட்டு வந்த விண்ணப்பங்கள் எத்தனை தெரியுமா? நாடு முழுவதற்கும் சேர்த்து 205. தீர்த்துவைக்கப்பட்டவை 95. அந்த 67,387 விபத்துகளில் சிராய்ப்போடு தப்பியவர்களைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் இந்த எண் வெட்கக்கேடானது.

கோவையைச் சேர்ந்த எலும்பு மூட்டு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012இல் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கின் தொடர்ச்சியாக, 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவில் இந்தக் கணக்கு வருகிறது. நீதிமன்றம் புதிதாக எந்த உரிமையையும் உண்டாக்கவில்லை. வழக்குப் பதிவான ஒரு மாதத்துக்குள் வாகனம் எதுவென்று தெரியவராவிட்டால், இப்படி ஓர் இழப்பீடு இருக்கிறது என்று காயம்பட்டவருக்கோ இறந்தவரின் வாரிசுக்கோ காவல் நிலைய அதிகாரி எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்க வேண்டும் என்றது. இருப்பதை எடுத்துச் சொல்லுங்கள் என்பதற்கே நாட்டின் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருந்தது.

குற்றத்துக்கு ஆளானவர்களுக்கான உரிமைகள் என்ற பேச்சை எடுத்தாலே, சட்டம் போதாது என்று தொடங்குவது நம் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. சட்டம் தேவையான அளவுக்கு இருக்கிறது. அது முழுக்க முழுக்கக் கேட்டுப் பெறும் சட்டமாக இருப்பதுதான் கோளாறு. கேட்கத் தெரிந்தவர், கேட்கத் தெம்புள்ளவர், கேட்டுத்தர வழக்கறிஞர் வாய்த்தவர் மட்டுமே அதன் பலனை அடைகிறார்கள். மகனைப் பறிகொடுத்து பிணவறை வாசலில் உட்கார்ந்திருக்கும் தாய்க்கு இந்த மூன்றில் எது இருக்கும்?

ஒரு காலத்தில் சட்டமே இல்லை என்பது உண்மைதான். லாரி ஓட்டுநர் ஒருவரின் கவனக்குறைவால் நேர்ந்த உயிரிழப்பு தொடர்பான வழக்கில், 1979இல் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் இந்தக் குறையைச் சுட்டிக்காட்டினார். குற்றவாளிக்குத் தண்டனை கொடுப்பதோடு நம் சட்டம் கையைக் கழுவிக்கொள்கிறது, செத்தவனின் குடும்பம் அதன் கண்ணில் படுவதே இல்லை என்பது அவர் ஆதங்கத்தின் சாரம். 1985இல் ஐ.நா. பொதுச்சபை பாதிக்கப்பட்டோருக்கான நீதி குறித்துப் பிரகடனம் வெளியிட்டது. நாம் 2009 வரை காத்திருந்தோம். அந்த ஆண்டு முடிவில் நடைமுறைக்கு வந்த திருத்தம், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 357ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. 2024 ஜூலை 1 முதல் அது, பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 396ஆவது பிரிவு.

அந்தப் பிரிவின் உயிர்நாடியான செய்தி இன்னும் ஊருக்குள் போய்ச்சேரவில்லை. குற்றவாளி தண்டிக்கப்பட்டால்தான் இழப்பீடு என்பதில்லை. குற்றவாளி யாரென்றே தெரியாவிட்டாலும், வழக்கு விசாரணைக்கே வராவிட்டாலும், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் விண்ணப்பிக்கலாம். அது இரண்டு மாதத்துக்குள் விசாரித்து முடிவெடுக்க வேண்டும். அதற்கு முன்பே இடைக்கால நிவாரணமும் தரலாம். கொடுப்பது அரசு. குடிமகனைக் காக்கத் தவறிய அரசு அதற்குப் பொறுப்பேற்கிறது என்பதே இதன் தத்துவம். தர்மம் செய்கிற பேச்சு இதில் இல்லை.

பெண்களுக்கென தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு 2018இல் வகுத்த திட்டம் தொகைகளையும் வரையறுத்தது. பாலியல் வன்கொடுமைக்கு 4 முதல் 7 லட்சம், கூட்டு வன்கொடுமைக்கு 5 முதல் 10 லட்சம், அமிலவீச்சில் முகம் சிதைந்தால் 7 முதல் 8 லட்சம் ரூபாய். இத்தகைய வழக்குகளில் எஃப்.ஐ.ஆர். பதிவானதும் அதன் நகலைக் காவல்துறை ஆணைக்குழுவுக்குத் தானாகவே அனுப்ப வேண்டும் என்றும் அத்திட்டம் சொல்கிறது. எழுத்தில் இது அருமையான ஏற்பாடு. அந்த நகல் போகிறதா, போனால் யார் படிக்கிறார்கள், படித்தவர் அந்தப் பெண்ணைத் தேடிப் போகிறாரா என்பதற்கு எந்த மாவட்டத்திலும் பொதுமக்கள் பார்க்கக்கூடிய கணக்கு இல்லை. கொடுக்கிற தொகையிலும் 75 சதவீதத்தை மூன்று ஆண்டுக்கு வைப்புத்தொகையாகப் போட்டுவிடுகிறார்கள். உறவினர்கள் பிடுங்கிக்கொள்ளாமல் இருக்க இது காப்பு என்கிறார்கள், நியாயம்தான். ஆனால் குற்றவாளியின் தெருவிலேயே குடியிருக்கும் பெண், வீடு மாற இன்றைக்கு அட்வான்ஸ் கட்ட வேண்டும். மருத்துவத்துக்கும் படிப்புக்கும் விலக்கு உண்டு என்றால், அதற்கும் இன்னொரு மனு.

காவல் நிலையத்தில் என்ன நடக்கிறது? புகாரோடு போனால் ரைட்டர் ஒரு சி.எஸ்.ஆர். ரசீதைக் கொடுத்து அனுப்பிவைப்பார். பலரும் அதையே வழக்குப் பதிவானதற்கு அத்தாட்சி என்று பத்திரப்படுத்திக்கொள்கிறார்கள். இழப்பீட்டுக்கும் மற்றவற்றுக்கும் வேண்டியது எஃப்.ஐ.ஆர். அதன் நகலைப் பாதிக்கப்பட்டவருக்கு இலவசமாகத் தர வேண்டும். குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் பதிவு செய்ய வேண்டும். புலன்விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். மூன்றும் இப்போது சட்டக் கடமைகள். மருத்துவமனையிலும் அப்படித்தான். பாலியல் வன்கொடுமைக்கோ அமிலவீச்சுக்கோ ஆளானவருக்கு அரசு மருத்துவமனையானாலும் தனியார் ஆனாலும் உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். மறுத்தால் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை. முதலில் போலீஸ் கடிதம் கொண்டுவா என்று திருப்பி அனுப்புவது குற்றம் என்று வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருப்பவருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடக் கூடாது என்பது இவற்றுக்கெல்லாம் முந்தைய, எளிய உரிமை. அதற்குப் பணமோ பணியாளரோ தேவையில்லை. பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் 2019இல் புகார் கொடுத்த பெண்ணின் பெயரை மாவட்டக் காவல் அதிகாரியே செய்தியாளர்களிடம் சொன்னார். அரசாணையிலும் பெயர் வந்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 25 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகப் பாலியல் வன்கொடுமை வழக்கில் மாணவியின் விவரங்கள் அடங்கிய எஃப்.ஐ.ஆர். வெளியில் கசிந்தது. உயர் நீதிமன்றம் மறுபடியும் 25 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. மாணவியிடம் கல்விக் கட்டணம் வாங்கக் கூடாது, மனநல ஆலோசனை தர வேண்டும் என்றும் உத்தரவிட்டது. ஐந்தாண்டு இடைவெளியில் அதே தவறு, அதே தொகை. முதல் வழக்கிலிருந்து அரசு இயந்திரம் எதையாவது கற்றுக்கொண்டிருந்தால் இரண்டாவதற்கு இடமே இருந்திருக்காது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பொள்ளாச்சி வழக்கில் 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்குச் சாகும்வரை சிறைத்தண்டனை விதித்து, எட்டுப் பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. வரவேற்கிறோம். ஆனால் தலைப்புச் செய்தியான வழக்குகளில் தொகை பெரிதாகிறது, உத்தரவு வேகமாக வருகிறது. ஊர்ப் பெயர்கூடப் பத்திரிகையில் வராத வழக்கின் பெண்ணுக்கு எது அளவுகோல்? வாச்சாத்தி கிராமத்தில் 1992இல் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான 18 பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2023 செப்டம்பரில். முப்பத்தோரு ஆண்டுகள். அதற்குள் இளம்பெண்கள் பாட்டிகளாகிவிட்டார்கள்.

கேட்காமலே கொடுப்பது சாத்தியமா என்று அதிகாரிகள் கேட்கலாம். நம் சட்டத்துக்குள்ளேயே அதற்கு மாதிரி இருக்கிறது. பட்டியலினத்தவர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைகளைத் தடுக்கும் சட்டத்தின் விதிகள், மாவட்ட ஆட்சியர் ஏழு நாட்களுக்குள் நிவாரணம் தர ஏற்பாடு செய்ய வேண்டும் என்கின்றன. மனு அங்கே நிபந்தனையே இல்லை. கொலை என்றால் பிரேதப் பரிசோதனை முடிந்ததும் பாதித் தொகை, குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போனதும் மீதி. இறந்தவரின் மனைவிக்கு மாத ஓய்வூதியம், பிள்ளைகளின் படிப்புச் செலவு, மூன்று மாதத்துக்குப் பாத்திரம், அரிசி, கோதுமை, பருப்பு எல்லாம் அட்டவணையில் இருக்கின்றன. இந்த விதியை எழுதியவர் கொளுத்தப்பட்ட ஒரு வீட்டையாவது நேரில் பார்த்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாத்திரம் நினைவுக்கு வந்திருக்காது. 2016இல் நடைமுறைக்கு வந்த 15ஏ பிரிவு, ஜாமீன் விசாரணை உட்பட ஒவ்வொரு கட்டத்திலும் பாதிக்கப்பட்டவர் தன் தரப்பைச் சொல்லும் உரிமையையும், சாட்சி சொல்ல வரும் பயணச் செலவையும் தருகிறது. அங்கும் இழுத்தடிப்பு உண்டு. அரசு வேலை ஆணைக்காக ஆட்சியர் அலுவலக வராந்தாவில் காத்துக்கிடப்பவர்கள் உண்டு. ஆனால் கொடுக்க வேண்டிய பொறுப்பு யாருடையது, எந்த நாளுக்குள் என்று எழுதிவைத்திருப்பதால், கொடுக்காதவரைக் கைநீட்டிக் கேட்க முடிகிறது.

இன்னொரு மாதிரி தமிழ்நாட்டுடையதே. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையின் செலவை அரசு ஏற்கிறது. வெளிமாநிலத்தவரா, வருமானச் சான்றிதழ் உண்டா என்ற கேள்வியே கிடையாது. ஆம்புலன்ஸில் வந்தவரிடம் யாரும் மனு கேட்பதில்லை. கணக்கை மருத்துவமனையும் அரசும் பார்த்துக்கொள்கின்றன. எலும்பு முறிந்தவருக்குச் செய்ய முடிந்ததை, கத்திக்குத்துப் பட்டவரின் குடும்பத்துக்கு ஏன் செய்ய முடியாது?

எதிர்வாதம் எனக்குத் தெரியும். எஃப்.ஐ.ஆர். போட்டதும் பணம் என்றால் பொய்ப் புகார்கள் பெருகும்; பணத்தை வாங்கிக்கொண்டு நீதிமன்றத்தில் பிறழ்சாட்சியாகிவிடுவார்கள். முதலாவதற்கு விடை எளிது: பொய் என்று நிரூபணமானால் தொகையைத் திரும்ப வசூலிக்க வழி இருக்கிறது. இரண்டாவது உண்மையான கவலை. ஆனால் சாட்சி பிறழ்வது பெரும்பாலும் அரசுப் பணத்தால் அல்ல. எதிர்த்தரப்பு வீடு தேடிவந்து கொடுக்கும் பணமும் மிரட்டலுமே காரணம். ஆண்டுக்கணக்கில் வாய்தா, ஒவ்வொரு வாய்தாவுக்கும் கூலி போகிறது, பஸ் காசு போகிறது. அரசு கைவிட்ட இடத்தில்தான் சமரசம் பேச வருகிறவரின் வார்த்தை எடுபடுகிறது. சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தை 2018இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் சட்டமாக அறிவித்தது. அதன்படி பாதுகாப்பு கேட்கலாம் என்று தெரிந்த சாட்சி நம் தாலுகாக்களில் எத்தனை பேர்?

பணத்தோடு இது முடிந்துவிடுவதில்லை. போக்சோ வழக்கில் குழந்தைக்கும் பெற்றோருக்கும் கூடவே இருந்து, மருத்துவமனைக்கும் நீதிமன்றத்துக்கும் அழைத்துப்போய், நடப்பதை விளக்கிச் சொல்ல ஒருவரைக் குழந்தைகள் நலக் குழு நியமிக்க வேண்டும் என்று 2020 விதிகள் சொல்கின்றன. சாப்பாடு, துணி, போக்குவரத்து போன்ற அவசரத் தேவைகளுக்கு உடனடி உதவித்தொகையும் உண்டு. என்னைக் கேட்டால் இந்தத் துணையாள் ஏற்பாடுதான் மொத்தச் சட்டத்திலும் சிறந்த பகுதி. அதைக் குழந்தைகளோடு நிறுத்தியது ஏன் என்று புரியவில்லை. கொலையுண்டவரின் மனைவிக்கும், வீடு கொளுத்தப்பட்ட முதியவருக்கும் அப்படி ஒருவர் வேண்டும். பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையங்களில் மருத்துவம், சட்டம், ஆலோசனை, ஐந்து நாள் தங்குமிடம் எல்லாம் ஒரே கூரையின்கீழ் உண்டு. ஆனால் அந்தக் கூரை எங்கே இருக்கிறது என்பதைப் பேருந்து நிலையத்தில் நிற்கும் பெண்ணிடம் கேட்டுப்பாருங்கள்.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. எஃப்.ஐ.ஆர். நகலின் பின்பக்கத்தில் என்ன உதவி, எவ்வளவு, யாரிடம் என்று தமிழில் அச்சடிக்கலாம். வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துப் பெறலாம். கொலை, பாலியல் வன்கொடுமை, கொடுங்காய வழக்குகளின் எஃப்.ஐ.ஆர். பதிவேறிய உடனே சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் கணினியிலும் தெரிய வேண்டும். பத்து நாளுக்குள் சட்டத் தன்னார்வலர் ஒருவர் வீட்டுக்குப் போக வேண்டும். வன்கொடுமைச் சட்டத்தில் இருப்பதுபோல் கட்டம் கட்டமாக, விண்ணப்பம் இல்லாமலே இடைக்காலத் தொகை தரும்படி தமிழ்நாடு அரசு தன் இழப்பீட்டுத் திட்டத்தைத் திருத்த வேண்டும். எத்தனை வழக்கு, எத்தனை பேருக்கு, எத்தனை நாளில் என்ற கணக்கை மாவட்டவாரியாக ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். மானியக் கோரிக்கையின்போது எத்தனை பேர் கைது என்று அறிவிக்கும் அரசுக்கு, எத்தனை பேர் மீண்டெழ உதவினோம் என்று சொல்வதில் என்ன தடை?

அதுவரை கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. சி.எஸ்.ஆரோடு திரும்பாதீர்கள், எஃப்.ஐ.ஆர். நகலைக் கேளுங்கள். மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டின் நகலை (ஏ.ஆர். காப்பி) வாங்கி வையுங்கள். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லையென்றால் சட்ட உதவிக்கு 15100, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. பெண்கள், குழந்தைகள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் சட்ட உதவி இலவசம். பெண்களுக்கான இழப்பீட்டுத் திட்டத்தில் விண்ணப்பிக்கச் சம்பவம் நடந்ததிலிருந்தோ எஃப்.ஐ.ஆர். பதிவானதிலிருந்தோ மூன்று ஆண்டுகள் அவகாசம் இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்த யாருக்காவது அந்த அவகாசம் இன்னும் மிச்சமிருந்தால், இந்தப் பக்கத்தைக் கிழித்து அவர்களிடம் கொடுங்கள்.