கோடுல ஒரு 0.94 போட்டு பெருக்கிடு தம்பி!

சென்சாரை மாத்துனா டிரான்ஸ்மிட்டர்ல புது எண்ணை ஏத்தணும். இது தெரியாம இருக்கறது பெரிய குத்தமில்ல. தெரிஞ்சே ஏத்தாம விட்டுட்டு, "சாஃப்ட்வேர்ல அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்"னு எங்க தலைல கட்டறாங்க பாருங்க, அதுக்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் டெக்னிக்கலா இருக்கும், பொறுத்துக்கங்க மக்களே.

மேக்னடிக் ஃப்ளோமீட்டர்ங்கறது பெரிய கம்பசூத்திரம் எல்லாம் இல்ல. குழாய்க்கு வெளிய காயில், உள்ள எதிரெதிரா ரெண்டு எலக்ட்ரோடு. காந்தப்புலத்துக்கு நடுவுல தண்ணி ஓடினா எலக்ட்ரோடுல துளியூண்டு வோல்டேஜ் வரும். வேகம் கூடினா அதுவும் கூடும். ஃபாரடே 1831ல கண்டுபிடிச்ச சமாசாரம். மனுஷன் அதோட விடல. 1832ல லண்டன் வாட்டர்லூ பாலத்துல இருந்து தேம்ஸ் ஆத்துக்குள்ள தகடுகளை இறக்கி, பூமியோட காந்தத்தை வெச்சே ஆத்தோட்டத்துல வர்ற மின்சாரத்தைப் பிடிக்கப் பார்த்தார். சரியா வரல. அந்த ஐடியா இன்னிக்கு நம்மூர் பம்ப் ரூம் வரைக்கும் வந்தாச்சு.

சிக்கல் என்னன்னா, எந்த ரெண்டு சென்சாரும் அச்சு அசலா ஒண்ணா இருக்காது. அதனால ஃபேக்டரில ஒவ்வொண்ணுலயும் தண்ணி ஓட்டி அளந்து, அதுக்கே அதுக்குன்னு ஒரு எண்ணை பெயர்த்தகட்டுல அடிச்சு அனுப்பறாங்க. ரோஸ்மவுண்ட்ல அது 16 இலக்கம். யோகோகாவால ரெண்டு மீட்டர் ஃபேக்டர். சீமென்ஸ் மேக்ஃப்ளோல சென்சார்ப்ரோம்னு ஒரு மெமரி, டிரான்ஸ்மிட்டர் தானே படிச்சுக்கும். அந்த வசதி இல்லாத மாடல்ல மனுஷன்தான் ஏத்தணும். ரெண்டு நிமிஷ வேலை.

இப்ப கதைக்கு வருவோம். பூந்தமல்லி பக்கம் ஒரு பெரிய அபார்ட்மென்ட், பேர் வேண்டாம். லாரித் தண்ணி சம்ப்புல விழும். அங்கிருந்து மேல ஏத்தற லைன்ல 100 மில்லிமீட்டர் மீட்டர் ஒண்ணு, மொத்தக் கணக்குக்கு. வீட்டுக்கு வீடு சின்ன மீட்டர் தனி. ரெண்டையும் ஒப்பிட்டுக் காட்டற டேஷ்போர்டு எங்க டீம் செஞ்சது. மழைல சென்சாருக்குள்ள தண்ணி புகுந்து காயில் போச்சு, புதுசு போட்டாங்க. ஆனா சுவத்துல இருந்த டிரான்ஸ்மிட்டர் பழசு, அதுக்குள்ள இருந்த எண்ணும் பழசு. பழைய சென்சாருக்கு 1.052, புதுசுக்கு 0.987. வகுத்துப் பாருங்க, 6.6 சதவீதம் கூடக் காட்டும். தினம் 3 லட்சம் லிட்டர் ஏறுற இடத்துல கிட்டத்தட்ட 20,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரில ஒண்ணரை லாரிக்கு மேல, இல்லாத தண்ணி!

இல்லாத தண்ணி எங்க போச்சுன்னு அசோசியேஷன் தேட ஆரம்பிச்சுது. மொதல்ல புல்தரையைத் தோண்டுனாங்க. ஒரு கசிவும் இல்ல. அடுத்து பம்ப் ஆபரேட்டர் மேல பாய்ஞ்சாங்க. ராத்திரில தண்ணிய வெளில விக்கறாராம். ஐம்பது வயசு தாண்டுன மனுஷர், அவர் பேரை வாட்ஸப் குரூப்ல நாறடிச்சுட்டாங்க.

மீட்டர் சர்வீஸ்காரரைக் கேட்டா, "தம்பி, டிஸ்ப்ளே வருது, 4-20 வருது, மீட்டர் ஓகே. கூடக் காட்டுதுன்னா உன் கோடுல ஒரு 0.94 போட்டு பெருக்கிடு"ங்கறார். 4-20 மில்லிஆம்பியர் வருதுன்னா ஒயர்ல உயிர் இருக்குன்னு அர்த்தம். அதுல வர்றது நிஜம்னு யார் சொன்னா?

"எங்க பெருக்குனா என்ன, கணக்கு ஒண்ணுதானே"ன்னு நம்ம ஆளுங்களே சிலர் கேக்கறாங்க. ஒண்ணு இல்ல சாமி. மீட்டர் முகத்துல ஓடுற டோட்டலைசர் பழைய பொய்யைத்தான் சொல்லும். திரைல ஒரு கணக்கு, மீட்டர்ல ஒரு கணக்குன்னு ஆனா சந்தேகப்படறவன் எதை நம்புவான்? அப்புறம் ஜீரோ. புது சென்சார் போட்டா குழாய் முழுக்க தண்ணி நிரப்பி, ரெண்டு பக்க வால்வையும் மூடி, தண்ணி அசையாம நின்னதும் ஜீரோ அட்ஜஸ்ட் கொடுக்கணும். ஜீரோ தப்புன்னா அது கூட்டல் கழித்தல் பிழை, எந்த நம்பரால பெருக்குனாலும் போகாது. பம்ப் நின்னப்புறமும் ஓட்டம் காட்டும். உடனே லோ ஃப்ளோ கட்-ஆஃபை ஏத்தி அதையும் மறைச்சுடுவாங்க, கேட்டா அனுபவமாம்! எல்லாத்துக்கும் மேல, அடுத்த தடவை சென்சார் மாத்தறவர் ஒழுங்கானவரா இருந்து சரியான எண்ணை ஏத்துனார்னு வைங்க. என் கோடுல ஒளிஞ்சிருக்கற 0.94 அப்ப 6 சதவீதத்தை முழுங்கும். அது யாருக்கும் தெரியவே தெரியாது.

நான் மாட்டேன்னுட்டேன். பெயர்த்தகட்டை போட்டோ எடுத்து மெயில்ல போட்டு, இந்த எண்ணை ஏத்துங்க, குழாய் சைஸ், ஓட்டத்தோட திசை, 20 மில்லிஆம்பியருக்கு எத்தனை கனமீட்டர்ங்கறது எங்க பக்கமும் உங்க பக்கமும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க, கிரவுண்ட் ரிங்கை மறுபடி மாட்டுனீங்களான்னு பாருங்கன்னு எழுதினேன். "சாஃப்ட்வேர் பையன் எங்களுக்கு பாடம் எடுக்கறான்"னு ஒரு பஞ்சாயத்து. இன்ஸ்ட்ருமென்டேஷன் படிச்சுட்டு பொட்டி தட்டறவன்தான் சார் நானு. மூணு வாரம் இழுத்தடிச்சு ஏத்துனாங்க. அடுத்த வாரமே மொத்த மீட்டரும் வீட்டு மீட்டர்களும் 1 சதவீதத்துக்குள்ள வந்து நின்னுச்சு.

"6 சதவீதத்துக்கு இவ்ளோ கூச்சலா"ங்கறவங்களுக்கு ஒரு கணக்கு. நம்ம செம்பரம்பாக்கத்துல 2007ல திறந்த சுத்திகரிப்பு நிலையத்தோட கொள்ளளவு ஒரு நாளைக்கு 53 கோடி லிட்டர். அங்க இப்படி நடக்குதுன்னு நான் சொல்லல, அளவு புரியறதுக்காகச் சொல்றேன்: அதுல 6.6 சதவீதம் 3.5 கோடி லிட்டர். 2019 ஜூன்ல அந்த ஏரி வறண்டு கிடந்தப்ப குடத்தோட அலைஞ்ச ஊர் இது.

பம்ப் ஆபரேட்டர் இப்ப அங்க இல்ல, குமணன்சாவடில வேற ஒரு பில்டிங்ல இருக்கார். மீட்டர் சரியான சேதியை குரூப்ல போட்டாங்க, 14 பேர் கட்டைவிரல் காமிச்சாங்க. அவரைப் பத்தி ஒருத்தரும் வாயத் திறக்கல.

டிஸ்கி: அபார்ட்மென்ட் பேர், கம்பெனி பேர் கேட்டு தனிமடல் போடாதீங்க, சொல்ல மாட்டேன். உங்க பில்டிங்லயும் சென்சார் மாத்துனாங்கன்னா பெயர்த்தகட்டு போட்டோவை கேட்டு வாங்கி வெச்சுக்கங்க.