நூலுக்கு வசதி, தொழிலாளிக்கு மெமோவா?

நூற்பாலையில் இழை அறாமலிருக்கக் காற்றின் ஈரத்தை அளந்து வைக்கிறார் முதலாளி. அதற்கென்று தனி யந்திரமே ஓடுகிறது. ஒரு நம்பர் நூல் இன்னொரு நம்பரோடு கலந்துவிடக்கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வர்ணத்தில் கோன் வைக்கிறார். பஞ்சின் குணமறிந்து ஆலையை அமைக்கிறார். நல்லது. அந்தப் பஞ்சை நூலாக்கும் மனிதனின் குணமறிந்தும் ஆலையை அமையுங்கள் என்றால் மட்டும், “இது ஆலையா, தரும சத்திரமா?” என்று சீறுகிறார்!

எல்லோருடைய மூளையும் ஒரே விதமாக வேலை செய்வதில்லை. எழுத்தைப் பார்த்தால் குழம்பிப்போகும் டிஸ்லெக்சியா உள்ளவர் உண்டு. இரைச்சலும் திடீர் மாறுதலும் தாங்காத ஆட்டிசம் உள்ளவர் உண்டு. கவனத்தை ஒன்றில் நிறுத்தப் போராடுகிறவர் உண்டு. இது சோம்பலுமல்ல, திமிருமல்ல. உழைப்பாளி வீட்டில் பிறந்த இவர்களில் பலருக்கு டாக்டர் சர்டிபிகேட் கிடையாது. “மக்கு”, “லூசு” என்ற பட்டப்பெயர்தான் உண்டு.

இப்படி ஒருவர் இல்லாத ஷிப்டு உண்டா? அறுந்த இழையைக் கண் இமைக்கும் நேரத்தில் பிணைத்துவிடுவார். ஆனால் மேஸ்திரி ஓட்டமாக வந்து, யந்திர இரைச்சலில் நாலு உத்தரவை ஒரே மூச்சில் கத்திவிட்டுப் போகிறார். மூன்றாவது உத்தரவு தவறிப்போகிறது. மறுநாள் மெமோ. பிறகு உள்விசாரணை. பிறகு வீடு! தவறியது தொழிலாளியா, உத்தரவிட்ட முறையா? இந்தக் கேள்வியை விசாரணையில் யார் கேட்கிறார்கள்?

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1995-ம் வருஷச் சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசமும் இல்லை, டிஸ்லெக்சியாவும் இல்லை. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 7 வகையை 21 ஆக்கி இவ்விரண்டையும் சேர்த்தது. வேலை செய்யப் பொருத்தமான வசதி செய்துதர வேண்டும் என்று அதன் 20-வது பிரிவு கட்டளையிடுகிறது. யாருக்கு? சர்க்கார் நிறுவனங்களுக்கு! தனியார் முதலாளிக்கோ 35-வது பிரிவில் ஊக்கச் சலுகை என்ற வெல்லக்கட்டி. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனம் சமவாய்ப்புக் கொள்கையை எழுதி வெளியிட வேண்டும் என்று 2017-ம் வருஷ விதிகள் சொல்கின்றன. அந்தக் காகிதத்தை நம்மில் எத்தனை பேர் கண்டோம்?

“நடைமுறைக்கு ஒத்துவராது” என்பார்கள் கனவான்கள். 2013-ல் எஸ்.ஏ.பி.யும் 2015-ல் மைக்ரோசாப்டும் ஆட்டிசம் உள்ளவர்களை வேலைக்கெடுக்கத் தனித் திட்டம் தொடங்கின. ஆள் எடுக்கும் முறையையே அவர்களுக்கு ஏற்ப மாற்றின. ஆக, முடியும் என்று முதலாளிகளே நிரூபித்துவிட்டார்கள்! ஆனால் கம்ப்யூட்டரில் லாபம் கொட்டும் மூளைக்குத்தான் கம்பளம். கோன் சுற்றும் கைக்குக் கிடையாது. மேதையாக இருந்தால்தான் மனிதனுக்கு உரிமையா?

நம் குறையையும் ஒளிக்காமல் சொல்வோம். மேஸ்திரி “லூசு” என்று ஏசும்போது நாமும் சேர்ந்து சிரித்திருக்கிறோம். அந்தச் சிரிப்பு முதலாளிக்குச் செய்த உதவி. நடவு வயலைப் பாருங்கள். கை பின்தங்கும் பெண்ணை மூத்தவள் தன் பக்கத்தில் நிறுத்திக்கொள்கிறாள். முடிக்காத முனையை இருவர் சேர்ந்து முடித்துக் கரையேறுகிறார்கள். எந்தச் சட்டம் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது?

சங்கத்தின் கோரிக்கை மனுவில் இவை ஏற வேண்டும்: ஒரு தொழிலாளிக்கு ஒரே மேஸ்திரியின் உத்தரவு, அதையும் செய்துகாட்டி, படமாகவும் ஒட்டிவைக்க வேண்டும். ஷிப்டு மாற்றத்தை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். இரைச்சலுக்குக் காதுக்கவசமும், இடைவேளைக்கு அமைதியான ஓரிடமும் வேண்டும். மெமோ கொடுக்குமுன் உத்தரவிட்ட முறையை விசாரிக்க வேண்டும். இதைச் சாக்கிட்டுச் சம்பளத்தில் ஒரு காசும் குறைக்கக்கூடாது.

இவற்றால் பயனடைவது ஒருவர் மட்டுமா? தெளிவான உத்தரவும், காதுக்குப் பாதுகாப்பும், முன்னறிவிப்பும் எந்தத் தொழிலாளிக்கு வேண்டாம்?

தோழர்களே! அடுத்த மெமோ வரும்போது அந்தத் தொழிலாளி தனியாக நிற்கக்கூடாது. யந்திரத்துக்கு ஏற்ப மனிதனை ஒடிக்காதே. மனிதனுக்கு ஏற்ப ஆலையை அமை! இது பிச்சையல்ல, உரிமை!