‘சுகர் எவ்வளவு?’ன்னு கேட்டா மட்டும் போதுமா?

அப்பா சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூரில், மகன் சென்னையில். ஞாயிற்றுக்கிழமை போனில் முதல் கேள்வியே, “சுகர் எவ்வளவுப்பா?” 220 என்று சொன்னால் திட்டு விழும். அதனால் அடுத்த வாரம் அப்பா டெஸ்ட்டே எடுப்பதில்லை. ஆன்லைனில் வாங்கி அனுப்பிய குளுக்கோமீட்டர் பீரோவுக்குள் போய்விடுகிறது.

பல வீடுகளில் இதுதான் கதை. இதில் அப்பாவின் ‘அலட்சியம்’ மட்டும்தான் பேசப்படுகிறது என்பதுதான் சிக்கல்.

மாத்திரை கிடைக்காதது இப்போது பெரிய பிரச்சினை இல்லை. 2021 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. பலனும் தெரிகிறது. தமிழக அரசின் ‘ஸ்டெப்ஸ்’ ஆய்வில், சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருந்த நோயாளிகள் 2020-ல் 10.8%, அடுத்த சுற்றில் 16.7%. நல்ல முன்னேற்றம்தான். ஆனாலும் ஆறு பேரில் ஐந்து பேருக்கு இன்னும் கட்டுப்பாட்டில் இல்லையே!

ஏன்? டாக்டரைப் பார்ப்பது மாதத்துக்குச் சில நிமிஷம். மீதி நாளெல்லாம் என்ன சாப்பிடுவது, எப்போது நடப்பது என்று முடிவு எடுப்பது நோயாளிதான். ‘என்னால இதைச் சமாளிக்க முடியும்’ என்ற நம்பிக்கை அங்கேதான் தேவை. உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா 1977-லேயே இதைப் பற்றி எழுதினார். இந்த நம்பிக்கை அட்வைஸ் கேட்டு வருவதைவிட, சின்னதாக ஒன்றைத் தானே செய்து ஜெயித்துப் பார்ப்பதில்தான் அதிகம் வரும் என்றார்.

செட்டிநாட்டு வீட்டில் போய் ‘பணியாரமே கூடாது’ என்றால் யார் கேட்பார்கள்? (கந்தரப்பம் இல்லாத விசேஷமும் உண்டா!) அதற்குப் பதில், ஒருநாள் வழக்கமான அளவு சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து டெஸ்ட். இன்னொரு நாள் பாதி அளவு, சாப்பிட்டதும் கால்மணி நேர நடை, மறுபடி டெஸ்ட். அந்த வித்தியாசத்தைத் தன் கண்ணால் பார்த்தவரிடம் அதற்குப் பிறகு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மருந்தின் அளவை மட்டும் டாக்டரைக் கேட்காமல் மாற்றவே கூடாது.

பயமும் ஒரு காரணம். ஒருமுறை சுகர் இறங்கி, பஸ் ஸ்டாண்டில் கை நடுங்கி வியர்த்தவர், மறுபடி அப்படி ஆகிவிடுமோ என்று மாத்திரையைத் தவிர்ப்பார், இல்லையென்றால் கூடுதலாகச் சாப்பிடுவார். 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை, 15 நிமிஷம் கழித்து மறுபடி டெஸ்ட் என்று யாராவது முன்பே சொல்லிக்கொடுத்திருந்தால் இந்தப் பயம் பாதி குறைந்திருக்கும்.

மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வரும் சுகாதாரத் தன்னார்வலர்கள் இதையும் சொல்லித்தரலாம். அதற்கான பயிற்சியும் நேரமும் அரசு அவர்களுக்குத் தர வேண்டும். ஊக்கத்தொகையையும் அதற்கேற்ப உயர்த்த வேண்டும். டெஸ்ட் ஸ்ட்ரிப்பும் மாத்திரையோடு சேர்ந்தே வரவேண்டும். ஒவ்வொரு முறையும் காசு கொடுத்து வாங்க வேண்டுமென்றால் யார்தான் அடிக்கடி டெஸ்ட் எடுப்பார்கள்?

போனில் பேசும் பிள்ளைகள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. 220 என்றால், “முந்தின நேரம் என்னப்பா சாப்பிட்டீங்க?” என்று சாதாரணமாகக் கேட்கலாம்.