டிரைவ் பெட்டி கீச்சிட்டால் காயில் புகையுமா?

கேள்வி: ‘‘போர்வெல்லில் 400 அடி ஆழத்தில் 5 ஹெச்.பி நீர்மூழ்கி மோட்டாரை சோலாரில் ஓட்டுகிறோம். ஒரே வருடத்தில் இரண்டு முறை காயில் போய்விட்டது. டிரைவ் பெட்டியும் கீச்சென்று சத்தம் போடுகிறது. ‘கேரியர் ஃப்ரீக்வென்சியை 4 கிலோஹெர்ட்ஸிலிருந்து 12-க்கு ஏற்றினால் சரியாகிவிடும்’ என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?’’

- வாசகர், நாமக்கல் மாவட்டம்.

பதில்: இப்போதைக்கு ஏற்ற வேண்டாம். சத்தம் அடங்கலாம், காயில் தப்பிக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

பேனலில் இருந்து வரும் நேர்மின்சாரத்தை டிரைவ் வெட்டி வெட்டித்தான் மூன்று பேஸ் மின்சாரமாக மாற்றுகிறது. மடை திருப்புகிற ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தால் ஒரு பாத்தி நிரம்பி வழியும், அடுத்தது காயும். அடிக்கடி பார்த்தால் தண்ணீர் சமமாகப் பாயும். டிரைவும் அப்படித்தான். 4 கிலோஹெர்ட்ஸ் என்றால், 50 ஹெர்ட்ஸ் அலை ஒன்றுக்கு 80 தடவை வெட்டுகிறது. 1 கிலோஹெர்ட்ஸில் 20 தடவைதான், அலை கரடுமுரடாகிவிடும். அந்தக் கரடுமுரடைத்தான் ஹார்மோனிக்ஸ் என்கிறார்கள். அது தண்ணீர் இறைக்க உதவாது, மோட்டாரைச் சூடாக்கும். அதில் 250 ஹெர்ட்ஸ் பங்கு மோட்டாரை எதிர்த்திசையில் திருப்பவே பார்க்கும்!

அப்படியானால் 12 நல்லதுதானே என்று தோன்றும். ஆனால், வெட்டு கூடக்கூட டிரைவின் சுவிட்சுகள் சூடாகும். வெயிலில் நிற்கிற பெட்டிக்கு இது தாங்காது. அதைவிட முக்கியம், உங்கள் 400 அடி கேபிள். ஒவ்வொரு வெட்டும் கேபிள் முனையில் மோதித் திரும்பும்போது, மோட்டாரில் மின்னழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்கு வரை எகிறலாம். 12-க்கு ஏற்றினால் அந்த அடி மூன்று மடங்கு அதிக முறை விழும்.

ரீவைண்டிங் கடையில் பழைய காயிலை வாங்கிப் பாருங்கள். முழுவதும் ஒரே சீராகக் கருகியிருந்தால் சூடு, ஓவர்லோடு அல்லது மோட்டாரைச் சுற்றித் தண்ணீர் ஓட்டம் போதாதது காரணமாக இருக்கலாம். முனையை ஒட்டிய முதல் சில சுற்றுகளில் மட்டும் பொத்துப் போயிருந்தால் கேபிள் அடியைச் சந்தேகிக்கலாம். அதற்கு டிரைவுக்குப் பக்கத்தில் அவுட்புட் ஃபில்டர் போட வேண்டும். ஃபில்டர் ஏற்கெனவே இருந்தால், அதன் தகட்டில் உள்ள கேரியர் அளவைத் தாண்டிக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

ஆம்பியர் பார்க்க ‘ட்ரூ ஆர்.எம்.எஸ்’ கிளாம்ப் மீட்டர் வேண்டும். சாதாரண மீட்டர் இந்த மின்சாரத்தில் குறைத்துக் காட்டிவிடும். பி.எம். குசும் திட்டத்தில் வாங்கியிருந்தால் 5 ஆண்டு பராமரிப்பு நிறுவனத்தின் பொறுப்பு. வெளி ஆளை வைத்து செட்டிங்கை மாற்றும் முன் அவர்களிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். நகலை வேளாண் பொறியியல் துறை அலுவலகத்திலும் கொடுத்து வையுங்கள்.