சாவி தெருவிலேயே இருக்கட்டும்: திருவல்லிக்கேணியிலிருந்து ஒரு கோரிக்கைச் சாசனம்

கோயில் அன்னதானக் கூடத்தில் இலை எடுப்பவர்கள், பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சுபவர்கள், சர்ச்சில் ஞாயிறு மதியம் பொட்டலம் கட்டுபவர்கள் சேர்ந்து எழுதுகிறோம். எங்களில் நிர்வாகிகள் யாரும் இல்லை. விழா மேடையில் எங்களுக்கு நாற்காலி போட மாட்டார்கள். ஆனால் எந்தத் திண்ணையில் யார் பசியோடு படுக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும்.

சேர்ந்து செய்வது இந்தப் பேட்டைக்குப் புதிதில்லை. காயிதே மில்லத் சாலையில் இருக்கும் வாலாஜா பெரிய பள்ளிவாசல் 1795-இல் கட்டியது. அதன் கல்வெட்டுக்குப் பாரசீகச் செய்யுள் எழுதிக்கொடுத்த மக்கன் லால், ஆற்காடு நவாபிடம் வேலை பார்த்த இந்து. அதே பள்ளிவாசலுக்கு நோன்பு மாதத்தில் மயிலாப்பூரிலிருந்து வேனில் சைவச் சாப்பாடு வந்து இறங்கும். பிரிவினையின்போது சிந்துவிலிருந்து அகதியாக வந்த ரத்தன்சந்த் நிறுவிய சூஃபிதார் அறக்கட்டளை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இதைச் செய்துவருகிறது. தொப்பி போட்ட சிந்தி இந்துக்கள் வரிசையாகப் பரிமாறுவார்கள். பாங்கு சொல்லும் நேரம் நெருங்கினால் கை இன்னும் வேகமாக ஓடும். நல்லிணக்கம் என்ற சொல்லை அங்கே யாரும் உச்சரித்து நாங்கள் கேட்டதில்லை. அதற்கு நேரமும் இருக்காது.

எங்கள் குறை வேறு. இங்கே சோற்றுக்குப் பஞ்சமில்லை, கணக்குக்குத்தான் பஞ்சம். அரசு ஆஸ்பத்திரி வாசலில் நோயாளிக்குத் துணையாக வந்து தங்கியிருந்த ஒரு பாட்டிக்குச் சனிக்கிழமை நான்கு பொட்டலம் கிடைத்தது. மூன்று புளியோதரை, ஒரு தயிர் சாதம். இரண்டை மடியில் முடிந்துவைத்தார், மறுநாள் காலையில் நாறிப்போனது. செவ்வாய்க்கிழமை அதே பாட்டி டீயில் பிஸ்கட்டை நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். வியாழன் சாய்பாபா பக்தர்கள், வெள்ளி ஜமாத், சனி பெருமாள், ஞாயிறு சர்ச் என்று புண்ணியத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. திங்களும் செவ்வாயும் புதனும் யாருக்கும் விசேஷமில்லை.

ஆகவே முதல் கோரிக்கை எங்கள் நிர்வாகங்களிடமேதான். வாரத்துக்கு ஒரு பொது அட்டவணை போடுங்கள். உங்கள் விசேஷ நாளை விட்டுத்தர வேண்டாம், அதோடு விசேஷமில்லாத ஒரு நாளையும் ஏற்றுக்கொள்ளுங்கள். அட்டவணையைக் கோயில் வாசலிலும் பள்ளிவாசல் வாசலிலும் சர்ச் வாசலிலும் ஒரே மாதிரி ஒட்டுங்கள். பொட்டலத்தோடு பிரசுரம் வேண்டாம். உபயதாரர் பெயர் போட்ட ஸ்டிக்கர் வேண்டாம். வாங்குகிறவர் முகத்தைப் படம் எடுக்கவே வேண்டாம். இந்த மூன்றிலும் நாங்களும் தப்பு செய்திருக்கிறோம் என்பதை இங்கேயே ஒப்புக்கொள்கிறோம்.

இரண்டாவது கோரிக்கை சாவியைப் பற்றியது. எங்களுக்கு இதுதான் தலையாயது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் பள்ளிவாசல்களும் சர்ச்சுகளும் கல்யாண மண்டபங்களும் சாதி மதம் பார்க்காமல் திறந்தன. மீனவர்கள் படகைக் கொண்டுவந்து தெருவில் விட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. அந்த இரவு எங்கள் பக்கத்தில் ஒரு கூடம் மட்டும் பூட்டியே கிடந்தது. நல்ல கூடம், மாடியில் இருக்கிறது, தண்ணீர் ஏறாது. வாசலில் முழங்கால் தண்ணீரில் கைக்குழந்தையோடு இரண்டு பெண்கள் நின்றார்கள். சாவி வைத்திருந்தவர் ஊரின் மறுகோடியில் மாட்டிக்கொண்டிருந்தார். போனில் பிடித்த பொறுப்பாளரோ, மேலிடத்துக் கடிதம் இல்லாமல் பூட்டை உடைக்கக் கூடாது என்றார். விடிந்த பிறகு கடிதமில்லாமலேயே திறந்தது. அதற்குள் குழந்தைக்குக் காய்ச்சல்.

எனவே ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 1-க்குள், இந்தப் பகுதியில் உள்ள ஒவ்வொரு மதக் கூடத்தின் மாற்றுச் சாவியும் அதே தெருவில் குடியிருக்கும் இருவரிடம் இருக்க வேண்டும். ஒருவர் அந்த மதத்தவராகவும் மற்றவர் வேறு மதத்தவராகவும் இருக்கட்டும். வெள்ள எச்சரிக்கை வந்தால் யாரையும் கேட்காமல் திறக்கலாம் என்று இந்து சமய அறநிலையத் துறையும் வக்ஃப் வாரியமும் திருச்சபை நிர்வாகங்களும் முன்கூட்டியே எழுத்தில் தர வேண்டும். எந்தக் கூடத்தில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை உண்டு, எங்கே ஜெனரேட்டர் உண்டு, கர்ப்பகிரகமோ தொழுகைக் கூடமோ தொந்தரவுபடாமல் எந்தப் பகுதியைத் தரலாம் என்ற பட்டியலை மாநகராட்சி எங்களோடு உட்கார்ந்து தயாரிக்க வேண்டும். பார்க்காமலே கையெழுத்துப் போடும் பட்டியல் வேண்டாம், படியேறிப் பார்த்த பட்டியல் வேண்டும்.

மூன்றாவதாக, பொது அடுப்பு ஒன்று கேட்கிறோம். மாநகராட்சிக் கட்டடம் ஒன்றில் கூடமும் தண்ணீரும் கொடுத்தால் போதும், பாத்திரமும் ஆளும் எங்களிடம் உண்டு. சமையல் சைவம்தான். எல்லோரும் கைநனைக்கக்கூடியது அதுதான். பூண்டு போடலாமா கூடாதா என்று மட்டும் இரண்டு மணி நேரம் சண்டை போட்டோம். கடைசியில் பூண்டு தோற்றது. அன்னதானத்துக்கும் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும் என்பது சட்டம், அதை மதிக்கிறோம். ஆளுக்கொரு பதிவுக்கு அலைய விடாமல் இந்த அடுப்புக்கு ஒரே பதிவாகக் கொடுங்கள். சாம்பிளை மாதம் ஒருமுறை எடுத்துச் சோதியுங்கள்.

அடுத்தது இரவுக் காப்பகம். நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகமாவது வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. மேன்ஷன் வாடகை கட்ட முடியாமல் வெளியே வந்த முதியவர்களும் கடற்கரையோரம் படுக்கும் குடும்பங்களும் இந்தப் பேட்டையில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கு நடந்தே போகும் தூரத்தில், குடும்பமாகத் தங்கும்படி ஒரு காப்பகம் வேண்டும். பாய், போர்வை, காலைக் கஞ்சி ஆகியவற்றை நாங்கள் ஏற்கிறோம்.

கேட்பாரற்று இறந்தவர்களின் அடக்கத்துக்கும் ஒரு வழி வேண்டும். கொரோனா காலத்தில் சொந்தக்காரர்களே நெருங்கப் பயந்த உடல்களை முஸ்லிம் இளைஞர்கள் அவரவர் மத முறைப்படி அடக்கமும் தகனமும் செய்ததைத் தமிழ்நாடு பார்த்தது. அந்த வேலையை இப்போதும் செய்ய ஆள் இருக்கிறார்கள். போலீஸ், ஆஸ்பத்திரி, சுடுகாடு என்று மூன்று இடத்திலும் தனித்தனிக் காகிதம் கேட்பதை நிறுத்தி ஒரே படிவமாக்குங்கள்.

இந்தச் சாசனத்தின் நகல்கள் வார்டு கவுன்சிலருக்கும் மண்டல அலுவலகத்துக்கும் மேலே சொன்ன நிர்வாகங்களுக்கும் நேரில் தரப்படும். அடுத்த ஏரியா சபைக் கூட்டத்துக்கு முன்னால் பதில் எழுத்தில் வர வேண்டும். கூட்டத்தை மட்டும் வெள்ளிக்கிழமை மதியமும் ஞாயிறு காலையும் வைக்காதீர்கள்; எங்களில் பாதிப் பேர் வர முடியாது. செவ்வாய்க்கிழமை வையுங்கள், ஆஸ்பத்திரி வாசலுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு அப்படியே வந்துவிடுகிறோம்.