எச்சரிக்கை யாருக்கு?

பொழுது புலரும் முன்பே போடிநாயக்கனூரிலிருந்து ஜீப்புகள் மலையேறத் தொடங்கிவிடுகின்றன. போடிமெட்டுக்கு அப்பாலுள்ள ஏலக்காய்த் தோட்டங்களில் வேலை செய்யும் தொழிலாளர்கள் அவற்றில் செல்கின்றனர். அவர்கள் உழைக்கும் சரிவுகள், யானைகள் நடமாடும் இடங்களும் ஆகும்.

அச்சரிவுகளில் உள்ள சின்னக்கானலில் 2023 ஏப்ரலில் பிடிக்கப்பட்ட அரிக்கொம்பன் என்னும் யானை, ரேடியோ காலர் பொருத்தப்பட்டுப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விடப்பட்டது. மறுமாதமே அது கம்பம் நகரத் தெருக்களில் நடந்தது. காயமுற்ற ஒருவர் உயிரிழந்தார். கழுத்துப்பட்டை யானையின் இருப்பிடத்தை இடைவெளி விட்டே அறிவிக்கும். பட்டை அணியாத யானைகளைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

இக்குறையை ஓரளவு நீக்கவல்லது அலைவாங்கி அணி. பலர் ஒருங்கே வடம் பிடித்தால் தேர் நகர்வதுபோல, பல சிறு ஆண்டெனாக்களின் அலைகள் ஒன்றுசேர்ந்து வலுப்பெறுகின்றன. ஒவ்வொன்றின் அலையையும் நுண்ணளவில் முன்பின்னாக அனுப்பினால், கருவி அசையாமலேயே அலைக்கற்றை திசை திரும்பும். எதிரொலித்து வரும் அலையைக் கொண்டு, நகரும் பொருளின் தொலைவையும் வேகத்தையும் சில்லு கணக்கிடும். அலைக்கற்றையைத் தானே அதன்பின் திருப்பும். திருப்பதிக்கு அருகிலுள்ள காதங்கியில் 1024 ஆண்டெனாக்கள் கொண்ட ரேடார் வளிமண்டலக் காற்றின் இயக்கத்தை ஆராய்கிறது. பரந்த நிலத்தில் நிறுவப்பட்ட அந்தத் தத்துவம், சில்லுகளின் வரவால் இன்று கார்களில் பொருத்தும் சிறு ரேடார்களிலும் செயல்படுகிறது.

எனினும், அடர்ந்த இலைகள் சிற்றலைகளைத் தடுக்கும். ஆகவே, காடு முழுவதையும் இக்கருவி காக்கும் என எண்ணுவது பிழை. சாலை வளைவுகள், குடியிருப்புகளின் ஓரங்கள், தோட்டத்தின் திறந்த வெளிகள் ஆகியவற்றில் அமைப்பதே பொருத்தம்.

அதனினும் முதன்மையானது, கருவி கண்டறிந்த செய்தி யாரைச் சென்றடைகிறது என்பதாகும். வால்பாறையில் யானை நடமாட்டம் குறுஞ்செய்திகளாலும், கைப்பேசி வழியே எரியவிடப்படும் சிவப்பு விளக்குகளாலும் மக்களுக்கு அறிவிக்கப்படுகிறது. அங்கே எளிய விளக்கே உயிர் காக்கிறது. போடிமெட்டுச் சரிவுகளில் உயர்ந்த கருவியை நிறுவி, அதன் செய்தியை அலுவலகத் திரையோடு நிறுத்திவிட்டால் பயன் என்ன?

எனவே, கருவி வாங்கும் திட்டத்திலேயே, விடியற்காலை ஜீப்பில் ஏறும் தொழிலாளிக்குத் தமிழில் செய்தி சேரும் வழியும் இடம்பெற வேண்டும். யானைக்கு அதன் பாதையையும் மனிதருக்கு உரிய எச்சரிக்கையையும் தருவதே அறிவியலின் கடமை.